கால் பங்கு

காலை ஏழே கால்.
ஓல்ட்டன் நிலையத்தில் சூரிச் ரயிலும் பேர்ன் ரயிலும்
ஆட்களை மாற்றிக்கொள்ளும் நேரம்.
பள்ளியின் மூன்றாம் மாடியில்
நான் கிவிப் பழம் உரிக்கிறேன்.
இருபத்திரண்டு பிள்ளைகள், சோடிக்கு ஒன்று.

உப்பு ஒரு சிட்டிகை,
பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு கரண்டி,
கோப்பி வடிதாள்,
உறைபெட்டியில் இரவு முழுக்கக் கிடந்த எத்தனோல்.
சமையல் குறிப்பு மாதிரித்தான்,
யாரும் சாப்பிடப் போவதில்லை.
சவர்க்காரம் கொழுப்பைக் கரைக்கும்.
சட்டியின் எண்ணெயும் கலத்தின் தோலும்
அதற்கு ஒன்றுதான்.

அங்கிப் பையில் கடிதம்.
குடிவரவு அலுவலகம், சொலத்தூர்ன்.
'மகள்' என்று நான் எழுதிய இடத்தில்
யாரோ பென்சிலால் மெல்லிய கோடு.
கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சி தேய்க்க வேண்டுமாம்,
இங்கே நானும் கொழும்பில் நிவேதினியும்.
கட்டணம் என்னுடையது.

எல்லாப் பரிசோதனையையும்
முதல்நாளே செய்து பார்ப்பது என் வேலை.
இதற்கும் விடை தெரியும்:
தாய்க்கு அரை. தாயின் தங்கைக்குக் கால்.
அக்கா போனபோது அவளுக்குப் பேச்சு வரவில்லை.
முதல் சொல்லை
என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.
படிவத்தில் 'முட்டர்' ஒரு பெட்டி, 'தாந்தெ' வேறு பெட்டி.
சின்னம்மாவுக்குள் அம்மா முழுசாக இருக்கிறாள்,
அதை எந்த மொழிபெயர்ப்பாளரும்
முத்திரை குத்தித் தரமாட்டார்.

மணி. ஃபிராவ் அம்ஸ்டுட்ஸ்
பலகையில் நான்கு எழுத்துகளை எழுதுகிறார்.
இதைத் தின்னலாமா, கேட்கிறான் பேசார்ட்.
தினமும் தின்கிறாய், காலைப் பாணிலும் இருந்தது.
வயிறு வாசிக்காது, உடைக்கும்.
உடைத்ததை வைத்து உடம்பு கட்டும்.

அப்படியானால்
நிவேதினியின் பதினான்கு வருச எலும்பில்
கல்சியம், நான் அனுப்பிய பால்மா.
தலைமயிரின் கந்தகம் முட்டை.
தசையின் நைதரசன் பருப்பும் கருவாடும்.
ரசீதுகள் சப்பாத்துப் பெட்டியில் இருக்கின்றன,
அணு அணுவாகக் கேட்டால்
அணு அணுவாகக் காட்டுவேன்.

அவர்கள் அப்படிக் கேட்கவில்லை.
இன்னொன்றையும் கேட்கவில்லை.
கலத்துக்குள், கருவுக்கு வெளியே, இழைமணி.
அந்தப் பெயருக்காகவே
கொப்பியில் திரும்பத் திரும்பக் கீறினேன்.
சீனியை எரிக்கும் சின்ன அடுப்பு,
தாய் வழியாக மட்டுமே வரும்.
அக்காவுக்கும் எனக்கும் ஒன்று.
அக்கா அவளுக்குக் கொடுத்ததும் அதே.
அங்கே பங்குபிரிப்பு இல்லை.
அரை இல்லை, கால் இல்லை,
முழு நெருப்பு.
அதற்கொரு பெட்டியைப் படிவத்தில் தேடினேன்.

எத்தனோல் கண்ணாடியோரமாக இறங்குகிறது.
ஆட்டாதீர்கள், பொறுங்கள்.
பச்சைக்கும் தெளிவுக்கும் இடையில்
வெள்ளையாக ஒன்று எழும்புகிறது.
சளி மாதிரி, என்கிறாள் ரஹேல்.
மரக்குச்சியில் சுற்றுகிறாள்,
இழுக்க இழுக்க வருகிறது.

பதினொரு குழாயையும் நான்தான் கழுவுகிறேன்.
ஒன்றில் இழை ஒட்டிக்கொண்டு
தூரிகைக்கும் போகமாட்டேன் என்கிறது.
அதைத் தாங்கியில் அப்படியே வைத்துவிட்டு
கை துடைத்து
கடிதத்திலிருந்த இலக்கத்தை அழைக்கிறேன்.
நெடுநேரம் பியானோ.
பிறகு ஒரு குரல்,
பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கள், என்கிறது.
சொல்கிறேன்,
ஒவ்வொன்றாக.