மௌனம் அனுப்பப்படுவதில்லை

தை செங், ஏழாம் மாடி, இரவுப் பணி.
எனக்குக் குரல்கள் கேட்பதில்லை,
திரையில் பச்சைக் கோடுகளாய்த் தெரியும்.

ஒரு நொடிப் பேச்சு ஐம்பது துண்டு.
ஒவ்வொன்றின் நெற்றியிலும் வரிசை எண்.
பிந்தி வந்தால் கதவு திறக்காது;
முந்தைய துண்டையே கொஞ்சம் இழுத்து
இடைவெளியில் ஒட்டிவிடும் இயந்திரம்.
காது கண்டுபிடிக்காது.

மௌனத்தை மட்டும் அனுப்ப மாட்டோம்.
வீண் செலவு.
கேட்பவர் பக்கத்திலேயே
மெல்லிய இரைச்சல் ஒன்றைத் தயாரித்துக் கொடுப்போம்,
லைன் அறுந்ததென்று யாரும்
பதறிவிடக் கூடாதே.

நேற்று ஈசூனிலிருந்து நீ அழைத்தாய், தயாளா.
சாப்பாடு, மழை, உன் மேலாளர்,
அப்புறம் நான் கேட்டுவிட்டேன்:
"பிடிஓ வீட்டுக்கு
ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிப்போடலாமா?"

ஐந்து நொடி.

ஸ்ஸ்ஸ் என்றது.
உன் மூச்சா,
போன மாதம் நானே அளவு குறைத்துவைத்த
அந்த இரைச்சலா?

பிறகு "ரி" என்று வந்தது.
மௌனம் கலையும்போது
முதல் எழுத்தை விழுங்கிவிடும், அது தெரிந்த பழுதுதான்.
மீதியை நானே இழுத்து ஒட்டிக்கொண்டேன்.

இன்று பதிவைத் திறந்து பார்த்தேன்.
நல்ல அழைப்பாம்.
ஐந்துக்கு நாலு புள்ளி ஒன்று.