நீர்க்கோடு

கோத்தகிரி, ஜான்ஸ்டன் சதுக்கம்,
வர்க்கிக் கடைக்கு மேல்மாடி.
பதினோரு மேசை. பதினோரு திரை.
ஜன்னல் கம்பி வரைக்கும் ஏறி நிற்கிறது பனிமூட்டம்.
இங்கே உட்கார்ந்துதான்
நான் கப்பல்களை எடை போடுகிறேன்.

கடலைப் பார்த்தது இரண்டே தடவை.
இரண்டும் திருச்செந்தூரில், இரண்டும் கூட்டத்தின் முதுகு வழியே.

எனக்கு வருவது முழுக் கப்பல் அல்ல.
துருவேறிய சிவப்பு வயிற்றில் ஒரு துண்டு,
அதில் ஏணிப்படி போல் வெள்ளை எண்கள்.
எண் ஒன்றுக்குப் பத்து சென்டிமீட்டர் உயரம்,
அடுத்த எண்ணுக்கு முன் பத்து சென்டிமீட்டர் வெற்றிடம்.
எண்ணின் பாதம்தான் கணக்கு.
எட்டின் இடுப்பில் தண்ணீர் நின்றால் ஐந்தைக் கூட்ட வேண்டும்.
நிற்குமா?
நாலின் கழுத்தைத் தொட்டுவிட்டு
கீழே எங்கோ போய்விட்டு
மறுபடி வரும்.

இரண்டு நிமிடக் காணொளி, மூவாயிரம் ஃபிரேம்.
ஒவ்வொன்றிலும் நீர் இரும்பைத் தொடும் இடத்தில்
ஒரு புள்ளி வைக்கிறேன்.
அந்தப் புள்ளிகளைத் தின்று ஒரு நிரல் வளர்கிறது.
அதுவும் கடலுக்குப் போனதில்லை.

சேர்ந்த அன்று போஜராஜ் சார் பலகையில் எழுதினார்:
அமிழ்ந்த ஆழத்திலிருந்து மொத்த எடை.
அதில் கப்பலின் இரும்பைக் கழி, எண்ணெயைக் கழி,
வயிற்றில் நிரப்பிய நீரைக் கழி, குடிநீரைக் கழி.
மிச்சம்தான் சரக்கு.
"தண்ணியச் சரியாக் கழிக்கத் தெரியணும், அவ்வளவுதான் வேலை."

எனக்குச் சிரிப்பு வந்தது.
இலைக் கொட்டகைத் தராசில் சிவப்பாய் எரியும் முப்பத்தொன்று புள்ளி நாலு.
கணக்கர் எழுதுவது இருபத்தெட்டு.
மீதி ஈரத்துக்கு.
வெயில் நாளில் ஒரு கிலோவோடு விட்டுவிடுவார்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
நிலக்கரிக் கப்பல் ஒன்று வந்தது.
நிரல் சொன்னது: ஒன்பது புள்ளி நாற்பத்துநாலு.
நான் வைத்தது: நாற்பத்திரண்டு.
முன்னே, நடுவே, பின்னே, இடம், வலம்,
எங்கே பார்த்தாலும் அதே இரண்டு.
அந்தக் கப்பலுக்கு ஒரு சென்டிமீட்டர் அறுபது டன்.
நூற்றிருபது டன் கரி
எந்தக் கிடங்கிலும் இல்லாமல் இருக்கிறது.

நாற்பது தடவை ஓட்டிப் பார்த்தேன்.
மின்சாரம் போய் வந்தது. வர்க்கி வெந்து முடிந்தது.
அலை இறங்கின பிறகும்
இரும்பில் ஒரு கறுத்த பட்டை தங்குகிறது,
விரற்கடை அகலம்.
அதைத்தான் தண்ணீர் என்று எடுத்திருக்கிறது.
போஜராஜ் சாரிடம் சொன்னேன்:
சார், அது ஈரம். தண்ணி இல்ல.

மூன்று நாள் கழித்து ஒரு வரி வந்தது. ஏற்கப்பட்டது.
அதற்குப் பிறகு கோடுகள் வரைந்தே வருகின்றன.
ஆம், இல்லை, இரண்டு பொத்தான்தான்.
பெரும்பாலும் ஆம்.
பதினோரு மேசையில் நாலு காலி.

ஆறு மணிக்கு வீடு.
அம்மா வாசற்படியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருக்கிறாள்.
இடுப்பில் கட்டிய படுதாவுக்கு மேலே
ரவிக்கை விளிம்பு வரைக்கும் ஒரு நனைந்த கோடு,
வலப்பக்கம் நாலு விரல் கூடுதல்.
சரிவில் நின்று பறித்திருப்பாள்.
கண் தானாக எண் தேடுகிறது.

தலைமன்னாரிலிருந்து இவள் கப்பலில் வந்தபோது வயது ஐந்து.
ஒரு தகரப்பெட்டி, ஆறு பேர்.
கேட்டேன்:
நீங்க எல்லாம் ஏறினப்போ கப்பல் எவ்வளவு அமிழ்ந்துச்சும்மா?

பூட்ஸைக் கவிழ்த்தாள். கொஞ்சம் தண்ணீர், ஓர் அட்டை.
"அத யாரு பாத்தா.
ஆள எண்ணுனாங்க.
ரெண்டு தடவ எண்ணுனாங்க."

உப்பு எடுத்துவரச் சொன்னாள்,
அட்டைக்கு.