பழைய எண் 9, புதிய எண் 27

ஆடி முடியுமுன் லைனை மாற்றிவிட்டோம்.
மாதம் ஆயிரத்து இருநூறு மிச்சம் என்றார் ஹபீப் மரைக்காயர்.
தம்பு செட்டித் தெரு, மூன்றாம் மாடி,
பிரிண்டருக்குப் பின்னால்
புது மோடம் பச்சையாய்க் கண்சிமிட்டியது.
எனக்கும் சந்தோஷம்தான்.

செவ்வாய்க்கிழமை
ஹாம்பர்குக்குப் போன மெயிலெல்லாம்
போன வேகத்தில் திரும்பின.
ஐந்நூற்று ஐம்பது என்றது முதல் வரி.
உங்கள் எண்ணுக்குப் பெயர் இல்லை என்றது அடுத்தது.

பெயர் இருக்கிறதே.
பதினோரு வருடமாய்ப் பணம் கட்டிக் காக்கிற பெயர்.
அதைச் சொன்னால் எண் வரும்: 203.0.113.27.
ஞாயிற்றுக்கிழமை நானே எழுதி வைத்த எண்.

ஆனால் அந்தப் பக்கம் வாசலில் நிற்கிற சர்வர்
சொன்ன பெயரை நம்புவதில்லை.
பெயரை யாரும் சொல்லலாம்.
வந்த எண்ணைப் பிடித்து
வாலிலிருந்து தலைக்கு
27, 113, 0, 203 என்று திருப்பிப் போட்டு
இது யார் வீடு என்று ஊரைக் கேட்கிறது.
ஊர் உதட்டைப் பிதுக்கினால்
கதவு சாத்தப்படும்.

"பொண்ணு குடுக்கிறவன் தெருமுனைக் கடையில
விசாரிக்கிற மாதிரியா?"
"அதேதான் பாய்."
"அப்ப நம்ம பேர எழுதிப் போட்டுரு."

அங்கேதான் இடிக்கிறது.
பெயர் நம்முடையது, எண் வாடகை.
பெயரிலிருந்து எண்ணுக்குப் போகிற வழி
என் கையில்.
எண்ணிலிருந்து பெயருக்குத் திரும்புகிற வழி
எண்ணை வைத்திருப்பவன் கையில்.

அவனுக்குப் போன் போட்டேன்.
"ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்."
"சார் இல்ல. கோமளா."
"ஓகே சார்."

பெட்டிக்குள் வாணியம்பாடித் தோல்.
பில்லில் வாங்குபவர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை,
அதைத் திருத்தத்தான் இத்தனை மெயிலும்.
அங்கே துறைமுகத்தில்
நாள் வாடகை யூரோவில் ஏறியது.
பொறுக்காமல் என் சொந்த ஜிமெயிலில் அனுப்பினேன்.
உடனே பதில்:
நீங்கள் யாரென்று தெரியவில்லை,
கம்பெனி மெயிலில் அனுப்பவும்.

சிரித்தேன். மரைக்காயர் சிரிக்கவில்லை.

வியாழன் மாலை லூர்துசாமி என்று ஒருவர்,
அம்பத்தூரிலிருந்து.
"மேடம், அந்த நம்பருக்கு என்ன பேர் போடணும்?"
மூன்று நாளில் முதல்முறையாக ஒருவர் கேட்ட
சரியான கேள்வி.
எழுத்தெழுத்தாய்ச் சொன்னேன்.
எம் ஃபார் மெட்ராஸ். ஆர் ஃபார் ராயபுரம்.
அவர் டைப் அடிக்கிற சத்தம் கேட்டது,
பின்னால் யாரோ டீ கேட்கிற சத்தமும்.

போட்ட உடனே ஆகிவிடாது.
'இல்லை' என்று ஒருமுறை சொன்ன பதிலை
ஊர் மடியில் முடிந்து வைத்திருக்கும்,
அதன் நேரம் வரை.

இரவு பதினொன்று நாற்பது.
கேட்டேன்: இல்லை.
ஃபேன் ஓடியது. கீழே ஷட்டர்கள் எல்லாம் இறங்கியாயிற்று.
மறுபடி கேட்டேன்.
எண் எங்கள் பெயரைச் சொன்னது.
பெயரைக் கேட்டேன், அதே எண்ணைச் சொன்னது.
போகவும் வரவும் ஒரே வழி.
ஹாம்பர்குக்கு அனுப்பினேன்.
இருநூற்று ஐம்பது என்றது சர்வர்,
அவ்வளவுதான், ஒரு வணக்கம்கூட இல்லை.

கொருக்குப்பேட்டை வந்து சேர ஒன்றாகிவிட்டது.
ஆர்டர் பண்ணிய பரோட்டா
தெருவில் எங்கோ சுற்றிக்கொண்டிருந்தது.
"மேடம், ஒம்போதா, இருபத்தேழா?"
"ரெண்டும் ஒண்ணுதான். பழசு ஒம்போது, புதுசு இருபத்தேழு."
"இங்க ஒருத்தர் நிக்கிறாரு, அவர கேட்டேன்,
கோமளான்னு யாரும் இல்லன்றாரே."

ஆறு வருடமாய் வாடகை.
கரண்ட் கார்டில் இன்னும்
செத்துப்போன ஓனர் பெயர்தான்.

"துளசிங்கம் வீடுன்னு கேளுங்க" என்றேன்.

கேட் சத்தம் உடனே கேட்டது.