மைனஸ் இருபத்தாறில் ஒரு தையல் மெஷின்

கையிருப்பு மூன்றரை லட்சம் துக்ரிக்.
கேட்கத்தான் பெரிய தொகை.
உலான்பாத்தரில் நல்ல பனிக்கால பூட்ஸ் ஒரு ஜோடி
அதை முழுசாக விழுங்கிவிடும்.

தையற்காரி ஸொல்ஜர்கல்
ஒரு தேல் தைக்க லட்சத்து இருபதாயிரம் கேட்கிறாள்,
புத்தாண்டு நெருங்க நெருங்க ஒன்றரை.
வீட்டில் நாங்கள் நான்கு உடம்பு.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம் கணக்குப் போட்டேன்:
ஒரே புத்தாண்டில் மெஷின்
தன் விலையைத் தானே அடைத்துவிடும்.
கன்தோமோர் எட்டிப் பார்த்துக் கேட்டார்:
"உனக்குத் தைக்கத் தெரியுமா?"
அந்த வரியை நான் கூட்டலில் சேர்க்கவில்லை.

நரன்தூல் சந்தை. ஞாயிறு.
விட்ட மூச்சு இமையில் வந்து உறைகிறது.
சரக்குப் பெட்டிக் கடைகளின் முன்னால்
மெஷின்கள் போர்வை போர்த்தி
ஓடி வந்த குதிரைகள் மாதிரி நிற்கின்றன.

முதல் கடைப் பையன் திரையை அமுக்கிக் காட்டினான்.
"இருநூறு வகைத் தையல், அக்கா.
வாத்துகள்கூட வரிசையாகப் போகும்."
போயின. அழகுதான்.
ஆனால் ஆட்டுத்தோல் உள்வைத்த விளிம்பில்
வாத்துக்கு என்ன வேலை?

பையிலிருந்து என் துண்டை எடுத்தேன்:
மேலே பட்டு, நடுவில் பஞ்சு, அடியில் தோல்,
பழைய தேலின் ஓரத்தில் வெட்டியது.
கடைக்காரர் எல்லோரும் சோதனைக்கென்று
ஒரு வெள்ளைப் பருத்தித் துணி வைத்திருக்கிறார்கள்.
அதன்மேல் எந்த மெஷினும் யோக்கியன்.
என் துண்டில் மூன்றாம் குத்துக்கே
ஊசி ஒடிந்தது.
ஊசிக்கு இரண்டாயிரம் வாங்கிக்கொண்டான் பையன்.

அடுத்தது, ஜப்பானிலிருந்து வந்த பழசு.
கீறல் இல்லை. இரண்டு லட்சத்து எண்பது.
ஒயரைத் தடவிக்கொண்டே போய்ப் பிளக்கைப் பார்த்தேன்:
தட்டையாக இரண்டு பல். நூறு வோல்ட்.
"டிரான்ஸ்பார்மர்?"
அவர் வானத்தைப் பார்த்தார்.
நானும் பார்த்தேன்.
அங்கே டிரான்ஸ்பார்மர் இல்லை.

பூரேவின் கடையில் ஒன்று, முழு இரும்பு,
ஆறே தையல், பின்னால் பொருத்திய மோட்டார்.
சக்கரத்தைத் திருப்பினேன்.
அசையவில்லை.
"எண்ணெய் உறைந்திருக்கு. வீட்டுக்குப் போனா இளகிடும்."
"இளகாவிட்டால்?"
"ஜூன் மாசம் கொண்டு வா."

அவரையும் மெஷினையும் சேர்த்து
எதிரிலிருந்த பூஸ் கடைக்கு இழுத்துப் போனேன்.
அடுப்பருகே அதற்கு ஒரு நாற்காலி,
எனக்கு ஒரு கிண்ணம் உப்புத் தேநீர்.
இன்னொன்று.
இரும்பு வியர்க்க ஆரம்பித்தது.
கரி லாரி ஓட்டுகிறவர் ஒருவர்
"ஓடாது" என்று பந்தயம் கட்டினார்.
யாரிடம் கட்டினார் என்று தெரியவில்லை.
மூன்றாவது கிண்ணத்தில்
சக்கரம் அரைச் சுற்று நகர்ந்தது,
கெட்ட கனவிலிருந்து புரண்டு படுப்பதுபோல.
பிறகு முழுச் சுற்று.

பட்டு, பஞ்சு, தோல்.
டக். டக். டக்.
வேகமில்லை. ஆனால் எங்கேயும் திக்கவில்லை.
திருப்பிப் பார்த்தேன்: அடிநூலும் நேர்.
பூஸ் மடித்துக்கொண்டிருந்தவள் மாவுக் கையோடு வந்து
"என் ஏப்ரன்ல ஒரு பாக்கெட் வையேன்" என்றாள்.

மூன்று அறுபது என்று ஆரம்பித்தார் பூரேவ்.
ஒடிந்த ஊசியை மேஜைமேல் வைத்தேன்.
தேநீர்க் கணக்கைச் சொன்னேன்.
மூன்று நாற்பதில் முடிந்தது.
மிஞ்சிய மூவாயிரத்து ஐந்நூறில் இரண்டு நூல்கண்டு,
பேருந்துக்குச் சில்லறை.
பன்னிரண்டு கிலோ மடியில் கனக்க,
தொடை மரத்துப்போய் வீடு சேர்ந்தேன்.

அன்று இரவே
கன்தோமோரின் கோட்டு உள்துணியில் இருந்த கிழிசலைத் தைத்தேன்.
கீழ்வீட்டார் தட்டவில்லை.
தூக்கம் நன்றாக வந்தது.

காலையில் நிறுத்தத்திலிருந்து போன்.
"பாக்கெட்டுக்குள்ள கை போகல.
பஸ் கார்டு உள்ள இருக்கு.
தைக்கத் தெரியுமான்னு கேட்டேனே."

"இழுத்துப் பாருங்கள்,
தையல் உறுதியா?"

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
காற்று. துணி முறுக்குப்படும் சத்தம்.
"அசையல" என்றார்.