எட்டு ஃப்ரெஞ்ச்

அறுவைப் பிரிவிலிருந்து கோப்பு திரும்பி வந்தது.
ஓரத்தில் பென்சிலில் ஒரே சொல்: தாங்கமாட்டார்.
இதயம் கால்வாசிதான் தள்ளுகிறது,
வயது தொண்ணூற்றொன்று.
வால்டிவியாவில் மூன்றாம் நாளாக விடாத மழை.

தோன் எலெவ்தேரியோ கிலோத்ரான்
ஆற்றுப் படகில் நாற்பது ஆண்டு டிக்கெட் கிழித்தவர்.
காய்ச்சலிலும் கிழித்துக்கொண்டிருந்தார்
வெறும் காற்றில், ஆளுக்கு ஒன்றாக.
என்னிடமும் ஒன்று நீட்டினார்.
வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

மயக்க மருந்து கூடாது. தோலை மட்டும் மரக்கவைத்தேன்.
திரையில் பித்தப்பை
நீர் நிறைந்த ரப்பர் கையுறைபோல் விம்மி நின்றது.
அதன் கழுத்தில் கல்,
பின்னால் நீளமாய் ஒரு நிழல்.
மூச்சைப் பிடியுங்கள் என்றேன்.
எதுவரை?
படகு துறையில் முட்டும்வரை.
பிடித்தார்.

விலா இடுக்கில் ஊசி.
ஈரலின் வழியாகத்தான் போகவேண்டும்,
பித்தம் வயிற்றுக்குள் கசியாமல்
அதுதான் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.
ஒரு சின்னத் தடை. பிறகு தடையே இல்லை.
கம்பி, கம்பிமேல் குழாய்,
எட்டு ஃப்ரெஞ்ச்; மூன்று மில்லிமீட்டர்கூட இல்லை.
ஏன் ஃப்ரெஞ்ச் என்று மாணவர்கள் கேட்பார்கள்,
ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன்.
உள்ளே போனதும் நுனி
பன்றிவாலாகச் சுருண்டு பூட்டிக்கொண்டது.

முதலில் வந்தது பித்தமே அல்ல.
சேற்றுக் கறுப்பு. சீழ். அந்த வாடை.
நூற்று நாற்பது மில்லி.
தலைக்கேறும் என்பார்களே, அது
கட்டிலின் கால்மாட்டில்
ஒரு பையில் தொங்கிக் கிடந்தது, சாதுவாக.

விடியலில் நர்ஸ் யஸ்னா ஓயார்ஸோ
அளவுக்குவளையை விளக்கடியில் தூக்கிப் பிடித்தாள்.
பாசியும் பொன்னும் கலந்த பச்சை.
அழகாயிருக்கு டாக்டர் என்றாள்,
சொன்னதற்கு உடனே வெட்கப்பட்டாள்.

காய்ச்சல் விட்டவர் என்னைப் பார்த்து
நீ யார் என்றார்.
மழைக்குச் சூடாய்ப் பூசணி வடை கேட்டார்,
எண்ணெயில் பொரித்தது. முடியாது என்றேன்.
இந்த வாலை எப்போது கழற்றுவாய்?
பார்ப்போம் என்றேன்.
கல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.
சிலருக்குக் குழாய் முதலில் போகும்.
சிலர் குழாயோடு போவார்கள்.
இதை அவர் மருமகன் நிபால்டோவிடம் மட்டும் சொன்னேன்,
உப்புநீர் செலுத்திக் கழுவக் கற்றுக்கொடுக்கும்போது.
அவன் விரல்கள் என்னுடையதைவிட நிதானம்;
மீன்வலை தைக்கிறவனாம்.

வெள்ளிக்கிழமை கோட்டைச் சலவைக்குப் போட்டேன்.
போடும்முன்
பையை ஒருமுறை துழாவிப் பார்த்தேன்.