போர் இல. 2

அறுபத்துமூன்றரைக் கிலோ.
எழுபத்தாறு சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து
விட்டால் விழும்.
பிலிப்புநேரி கயிற்றை இழுக்கிறார், விடுகிறார்.
நான் எண்ணுகிறேன்.

மணற்காட்டில் காலை ஏழரை.
மகப்பேற்று விடுதி, இரண்டு மாடி,
இருபத்துநான்கு கட்டில் வரப்போகிற காணி.
இப்போதைக்கு மூன்று இரும்புக் கால், ஒரு கப்பி,
நீர் இறைக்கும் இயந்திரம்,
நிழலுக்கென்று ஒரு தலையில்லாப் பனை.

கண்ணிவெடி இல்லையென்ற சான்றிதழ் உறையில் இருக்கிறது,
முதல் ஒரு மீற்றருக்கு மட்டும்.
எங்கள் கேள்விகள் அதற்குக் கீழே.

ஒன்றரை மீற்றர்: நான்கு அடி.
நீர்மட்டம் தொட்டாயிற்று.
மூன்று மீற்றர்: மூன்று அடி.
குழலைப் பிளந்தால் ஈரமணல், சீனி மாதிரி,
ஒரு சிப்பி, உடையாமல்.
இந்த மணல் ஆளைத் தாங்கும், வீட்டைத் தாங்கும்,
திருநாளில் அந்தோனியார் கூட்டையும் தாங்கும்.
உலுக்கினால் மட்டும்
தான் மணல் என்பதை மறந்து
அரை நிமிடம் தண்ணீராக இருந்து பார்க்கும்.

"இஞ்சை பூமி ஆடாது, பிள்ளை."
ஆடாது.
அன்றைக்கும் ஆடியது எங்கோ, சுமாத்திராப் பக்கம்.
கோப்பையில் தேத்தண்ணிகூடத் தளும்பேல்லை
என்று பிலிப்புநேரியே சொன்னார்.
பிறகு ஒன்றும் சொல்லாமல் கயிற்றை இழுத்தார்.
பதினொன்று. பன்னிரண்டு.

ஆறு மீற்றரில் சத்தம் மாறியது,
மூடின கதவில் கொட்டினதுபோல.
ஐம்பது அடிக்கு ஐந்து சென்ரிமீற்றர்.
சுண்ணக்கல்.
எல்லாரும் பிளேன்ரீ குடித்தோம்.
கொழும்பிலிருந்து கஜானன்,
"கல் பட்டால் போதும், மூட்டையைக் கட்டுங்கோ."
நான் வைரமுனையை மாட்டச் சொன்னேன், இன்னும் ஐந்து மீற்றர்.
யாழ்ப்பாணத்துக் கல்லை நம்புகிறவர்
அதன் கிணறுகளை எட்டிப் பார்க்காதவர்.

ஒன்பது மீற்றர் இருபதில்
றொட் விழுந்தது.
யாரும் அடிக்கவில்லை.
தன் பாரத்திலேயே எண்பது சென்ரிமீற்றர் இறங்கி நின்றது.
மேலே திரும்பிக்கொண்டிருந்த நீர்
திரும்பவில்லை.
தொட்டி முழுவதையும் குடித்துவிட்டு
வாயைத் திறந்தபடி கிடந்தது துளை.
பூச்சியம் போட்டேன்.
பேனை அதே வட்டத்தை இரண்டாம் தரமும் சுற்றியது.

முக்கால் மணித்தியாலத்தில்
வேலியைத் தாண்டி யசிந்தா வந்தாள்.
கையில் வாளி. வாளியில் பால்.
பால் இல்லை, அவளுடைய கிணறு.
"மத்தியானம் மட்டும் கண்ணாடி மாதிரி இருந்தது.
என்னத்தை ஊத்தினீங்கள்?"
வெறும் தண்ணியும் கல்லரைத்த மாவும்தான் என்றேன்,
ரெண்டு நாளில் தெளியும் என்றேன்.
"அந்த ரெண்டு நாளைக்கு?"
என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.
மேலே தடித்த எழுத்தில்: போர் இல. 2.
திரும்ப வாசித்தாள்.
"இது எத்தினையாவது?"
பிலிப்புநேரி சிரிக்கத் தொடங்கி
நிறுத்திக்கொண்டார்.

பவுசர் ஒன்றை அவள் வாசலுக்கு அனுப்பினோம்.
அதற்குப் பாதீட்டில் இடமில்லை.
நான்காம் துளைக்கும் இல்லை.
கஜானனுக்குச் சொன்னேன்:
வடமேற்குத் தூண் நிற்கப்போவது ஒரு கூரையின்மேல்.
கூரைக்குக் கீழே அறை.
அறையிலிருந்து எங்கோ வழி போகிறது,
ஒரு பெண்ணின் வாளிவரைக்கும்.
"அறிக்கையில் வாளி எண்டு எழுதாதையும்."

குறிப்பு என்ற நிரல் இரண்டு விரல் அகலம்.
நெருக்கி எழுதினேன்.
9.20 முதல் 10.00: வெற்றிடம். நீரிழப்பு முழுவதும்.
அயற்கிணறு, கிழக்கே அறுபது மீற்றர், கலங்கியது.
நேரம் 2.45.
சாட்சி: யசிந்தா சூசைதாசன்.
கையெழுத்துக் கேட்டேன்.
வாளியைக் கீழே வைத்துவிட்டுப் போட்டாள்.

முக்காலியைக் கழற்றி
மூன்றாம் துளைக்கு நகர்த்தியபோதும் அவள் போகவில்லை.
பிலிப்புநேரி கயிற்றைச் சுற்றினார்.
இரும்பு விழுந்தது.
நான் வாய்க்குள் எண்ணுமுன்
அவள் எண்ணினாள், காணி முழுக்கக் கேட்க:
ஒண்டு.