பங்காளிகள்

ஒப்பந்தத்தில் கையெழுத்தாகப் பதினாலு மாதம்.
இரண்டு பல்கலைக்கழகம், ஒரு சிமெண்டுக் கம்பெனி, ஒரு வாரியம்.
நாற்பத்தொரு பக்கத்தில்
நத்தைகளைப் பற்றி மூன்றே வரி.

தூத்துக்குடியிலிருந்து வந்த ஜெசிந்தா பர்னாந்து
முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டாள்:
"பார்ட்னர்னா பங்காளியா?
எங்க ஊர்ல பங்காளின்னா
கோர்ட்டுல வாய்தா வாங்குறவன்."
பங்காளியையும் பனங்காயையும்
பதம் பார்த்துத்தான் வெட்டணுமாம்.
பேராசிரியர் லிம் என்னைப் பார்த்தார்.
மொழிபெயர்த்தேன்.
பனங்காய் மட்டும் வர மறுத்தது.

விடிகாலை மூன்றரைக்குப் படகு.
வத்தம் என்பாள் அவள்.
சுருட் என்பார் படகோட்டி ஹைருடின்.
என் அட்டவணையில் அது
பூஜ்யம் புள்ளி மூன்று மீட்டர்.
மூவரும் சொன்ன நேரத்துக்கு
கடல் ஒரே மாதிரிதான் இறங்கியது.

செமக்காவ்.
நாம் வாங்கியது, கிழித்தது, சலித்தது எல்லாம்
உலையில் எரிந்து
மிச்சம் சாம்பலாக வந்திறங்கும் தீவு.
என் பழைய மெத்தை இங்கேதான் எங்கோ இருக்கிறது.
கல்யாணப் பத்திரிகையில் மிஞ்சிய நூற்றிருபதும்.
அக்கரையில் புக்கோம் ஆலையின் தீ
யாருக்கோ காத்திருப்பதுபோல் நின்று எரிகிறது.

அந்தச் சாம்பலைக் கலந்து வார்த்தவை எங்கள் ஓடுகள்.
முப்பத்தாறு. கடற்சுவரில் திருகி மாட்டியவை.
எத்தனை குழி, எவ்வளவு ஆழம், எந்தச் சாய்வு:
கணினி மூன்று வாரம் யோசித்துச் சொன்னது.
கடல் உயரும், சுவர் உயரும்,
வெறுங்கல் வெயிலில் கொதிக்கும்;
உயரும் சுவரில் உயிருக்கும்
ஒதுங்க இடம் வேண்டாமா என்பதுதான் கேள்வி.
(மானிய விண்ணப்பத்தில் இதற்கு ஒன்பது பக்கம்.)

நத்தையின் முதுகில் இருப்பதும் ஓடு,
நாங்கள் மாட்டியதும் ஓடு.
குறிப்பேட்டில் இரண்டையும் குழப்பி
ஒரு மாதக் கணக்கை மறுபடி எழுதினேன்.
படகில் ஒரு நாள் ஜெசிந்தா கேட்டாள்:
"வெலைக்கு வாங்கிக் கொட்டுன மண்ணு
எந்தத் திணைல சேரும்?"
நெய்தல் என்றேன்.
நம்பவில்லை. நானும்தான்.

இருபத்து மூன்றாம் ஓடு
மாட்டும்போதே ஹைருடின் கை தவறி விழுந்தது.
ஒரு மூலை போயிற்று, குறுக்கே ஒரு விரிசல்.
மாற்று ஓடு இல்லை. மாட்டிவிட்டோம்.

எட்டு மாதம் கழித்து,
நெற்றி விளக்கு வெளிச்சத்தில் எண்ணுகிறேன்.
கணினி குடைந்த குழிகளில்
மூன்று, நான்கு, ஒன்றுமில்லை, நான்கு.
விரிசலுக்குள் பதினேழு நத்தை,
ஒரு விரல்நக அளவு நண்டு,
கொட்டலசு எண்ணிக்கைக்குள் அடங்கவில்லை.
இன்னொரு தடவை எண்ணினேன். பதினெட்டு.

ஒரே ஓடு தரவாகாது என்றார் லிம்.
சரிதான்.
உடைந்ததை அறிக்கையிலிருந்து எடுங்கள் என்றது கம்பெனி.
அடுத்த வாரமே இன்னொரு கடிதம்:
அந்த விரிசலின் வடிவம் யாருக்குச் சொந்தம்?
பத்தொன்பதாம் பிரிவு, உட்பிரிவு இ.
வாரியம் ஒரு கூட்டம் போட்டது.
இரண்டு வழக்கறிஞர்கள், ஒரு தட்டு கறிப்பஃப்.
ஜெசிந்தா என் பக்கம் குனிந்து
"நான் சொல்லல?" என்றாள்.

கூட்டம் முடிந்து யாரும் வெல்லாத மறுநாள்
லிம் பன்னிரண்டு புது ஓடுகளைப் படகில் ஏற்றினார்.
அளவுநாடா, கேமரா, கோணமானி.
"எப்படி விழுந்ததோ அப்படியே போடுங்கள்.
அதே உயரம், அதே கை."

ஹைருடின் முதல் ஓட்டை எடுத்தார்.
பிள்ளையைப் பிடிப்பதுபோல்
இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.
கேமரா ஓடிக்கொண்டிருந்தது.
கை எப்படித் தவறும் என்று
கைக்கு மறந்துபோயிருந்தது.

"போடுங்க அண்ணே," என்றேன்.
சிரித்தார், விடவில்லை.
காலடியில்
வெள்ளம் ஏறத் தொடங்கியிருந்தது.